போன மாசம் ஒரு ரேட்டு, இந்த மாசம் ஒரு ரேட்டு: எலக்ட்ரானிக் ஸ்பேர்ஸ் விலை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துல ஸ்பேர்ஸ் கவுண்டர்ல நிக்கிறவன் எழுதுறேன். நம்மகிட்ட வர்றவங்க மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு போடுறவங்க, டிவி இன்வெர்ட்டர் மெக்கானிக்குங்க, மைக் செட்காரங்க, நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைக்கு ஏரேட்டர் பேனல் கட்டுறவங்க, அப்புறம் ப்ராஜெக்ட்டுக்கு அலையுற காலேஜ் பசங்க. எல்லாரும் விலையப் பத்திதான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

அண்ணே, போன தடவ 38 ரூபாய்க்குக் குடுத்த ஐசி இப்ப 95ங்கறீங்க. நீங்களா ஏத்துறீங்களா?

இல்ல தம்பி. கடைக்காரன் ரெண்டு மூணு ரூபா கூட வைப்பான், ரெண்டரை மடங்கு வச்சா நாளைக்கு நீ பக்கத்துக் கடைக்குப் போயிடுவ. அந்த ஐசிய, அதாவது அந்தச் சிப்பச் செய்யுற செலவும் அப்படி ஒண்ணும் ஏறல. மாறுனது வரிசை.

ஃபேக்டரில இருந்து வர்ற சரக்கு மொதல்ல யாருக்குப் போகுதுன்னு பாரு. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே ஆர்டர் போட்டு வச்சிருக்குற ஃபோன் கம்பெனி, கார் கம்பெனி, சர்வர் செய்யுறவன், இவங்களுக்கு மொதல்ல. அப்புறம் கம்பெனியோட அங்கீகாரம் வாங்குன பெரிய டிஸ்ட்ரிபியூட்டர். அதுக்கப்புறம் மும்பை, டெல்லி, சென்னைல கன்டெய்னர் எறக்குற இம்போர்ட்டர், அவன்கிட்டேர்ந்து சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட், அங்கேர்ந்து பார்சல் சர்வீஸ்ல ஏறி நம்ம கவுண்டர். நாம கடைமடை. கல்லணை தொறந்தாலும் தண்ணி வேதாரண்யம் பக்கம் எப்ப வரும், எவ்வளவு வரும்னு மேல இருக்குறவன் எடுத்தது போக மிச்சத்தப் பொறுத்துதான் இருக்கு, அதே கதைதான். சரக்கு தாராளமா இருக்கும்போது இந்த வரிசை கண்ணுக்கே தெரியாது, கொஞ்சம் இறுகுனா மொதல்ல காயுறது நாமதான்.

லீட் டைம்னு சொல்றாங்களே, அதுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

இன்னிக்கு ஆர்டர் போட்டா சரக்கு கைக்கு வர எத்தன வாரம் ஆகும்ங்கறதுதான் லீட் டைம். விலையவிட இத பாக்கணும்னு நான் தலைல அடிச்சிக்காத குறையா சொல்லுவேன், யாரும் கேக்க மாட்டாங்க. ஏன்னா மொதல்ல நீளுறது லீட் டைம், விலை அதுக்கு அப்புறம்தான் ஏறும். எட்டு வாரம், பத்து வாரம்னு இருந்த ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (போர்டுக்கு மூளை மாதிரி, ப்ரோக்ராம் ஏத்துற சிப்) இருபது வாரம்னு காட்ட ஆரம்பிச்சா கம்பெனி விலை அப்பவும் பழசாவே இருக்கும், நாமளும் ஒண்ணும் ஆகலன்னு உக்காந்திருப்போம், அடுத்த சில மாசத்துல மார்க்கெட்ல கையில இருக்குற சரக்க வச்சிருக்குறவன் சொல்றதுதான் விலை. 2021, 22ல சில மைக்ரோகன்ட்ரோலருக்கு 52 வாரம்னு போட்டிருந்தான். 52 வாரம்னா ஒரு வருஷம். அப்படிப் போட்டா "இப்போதைக்கு இல்ல, போயிட்டு வா"ன்னு அர்த்தம்.

2020ல இருந்து 22 வரைக்கும் என்னதான் நடந்துச்சு? கொரோனா மட்டும்தானா?

கொரோனா ஆரம்பிச்சு வச்சுது, அவ்வளவுதான். 2020 தொடக்கத்துல கார் விக்காதுன்னு பயந்து கார் கம்பெனிங்க சிப் ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்க. அதே நேரம் வீட்டுலேர்ந்து வேல, வீட்டுலேர்ந்து ஸ்கூல்னு லேப்டாப், டேப், ரவுட்டர் எல்லாம் பறந்துச்சு, காலியான எடத்த அவங்க புடிச்சிக்கிட்டாங்க. அந்த வருஷக் கடைசில கார் திரும்ப விக்க ஆரம்பிச்சதும் கார்காரன் ஓடி வந்தான், எடம் இல்ல, வரிசைல கடைசில நில்லுன்னுட்டாங்க. கார் கம்பெனிக்கே அந்த நெலமன்னா நம்ம கதி சொல்லவே வேணாம்.

அதுக்கு மேல ஒண்ணு மாத்தி ஒண்ணு. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல அசாஹி காசெய் கம்பெனியோட நொபெயோகா ஆலை எரிஞ்சுது, ஆடியோ ஐசி அதிகமா அங்கேர்ந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. 2021 பிப்ரவரில அமெரிக்கா டெக்சாஸ்ல பனிப்புயல்ல கரண்ட் போயி சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியான் ஆலைங்க நின்னுச்சு. மார்ச்ல ரெனேசஸ் கம்பெனியோட நாகா ஆலைல தீ, கார் சிப் பெருசா அங்கதான்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு சேதி இருக்கு. அதே 2021ல தைவான்ல மழ இல்ல, அம்பது வருஷத்துல காணாத வறட்சி. சிப் ஆலைக்குத் தண்ணி ரொம்ப வேணும், வேஃபர, அதாவது சிப் வெட்டி எடுக்குற சிலிக்கான் தட்ட, கழுவிக்கிட்டே இருக்கணும், அங்க பெரிய சிப் கம்பெனியான டிஎஸ்எம்சி லாரில தண்ணி கொண்டாந்து ஓட்டுனான். தண்ணிய மிச்சம் புடிக்க அந்த அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா நெல்லு வயலுக்குப் பாசனத்த நிறுத்திட்டு விவசாயிக்கு நஷ்ட ஈடு குடுத்துச்சு. வயலத் தரிசாப் போட்டு சிப் செஞ்சாங்க. இத ஒரு தடவ மன்னார்குடி பக்கத்து மோட்டார் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட சொன்னேன், "அங்கயும் முறைப்பாசனம்தானா"ன்னு கேட்டுட்டு ஐசிய எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

ஆர்டர் நெறைய வந்தா நெறைய செய்ய வேண்டியதுதானே?

முடியாது. ஒரு வேஃபர் உள்ள போயி சிப்பா வெளிய வர்றதுக்கே மூணு நாலு மாசம் ஆகும், இன்னிக்கு அவன் கூடுதலா போட்டாலும் நமக்கு அடுத்த சீசனுக்குத்தான். புது ஆலை கட்ட ரெண்டு மூணு வருஷம். இதுல இன்னொரு சிக்கல், நாம வாங்குற பவர் ஐசி, மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி கரண்ட தொறந்து மூடுற ட்ரான்சிஸ்டர்), ரெகுலேட்டர் (வோல்டேஜ நிலையா வைக்கிறது) பெரும்பாலும் பழைய டெக்னாலஜி, எட்டு இஞ்ச் வேஃபர்ல செய்யுறது. புதுசா காசு போடுறவன் எல்லாம் பன்னண்டு இஞ்சுல லாபம் கூடுன சிப்புக்குத்தான் போடுறான். நாப்பது ரூபா ஐசிக்காக எவனும் ஆயிரக்கணக்கான கோடி போட மாட்டான், அதனால மலிவு பார்ட்டுக்குத்தான் தட்டுப்பாடு வந்தா சீக்கிரம் தீராது.

2023லயே சரக்கு கொட்டிக் கெடந்துச்சாமே, அப்புறமும் நம்ம ஊர்ல விலை ஏன் எறங்கல?

நல்ல கேள்வி. தட்டுப்பாடு நேரத்துல நூறு வேணும்ங்கறவன் முன்னூறு ஆர்டர் போடுவான், அதையும் மூணு கடைல போடுவான், எங்கயாவது ஒண்ணு வரட்டும்னு. கம்பெனிக்கு அது தொள்ளாயிரம் பீஸ் டிமாண்டாத் தெரியும். ஒருநாள் சரக்கு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் வந்து எறங்கும், அன்னிக்கு எவனுக்கும் தேவை இருக்காது. 2022 கடைசி, 2023 பூரா உலகம் முழுக்க குடோன் ரொம்பி வழிஞ்சதுக்கு இதுதான் காரணம்.

ஆனா நம்ம கவுண்டர்ல இருக்குற சரக்கு ஒசந்த விலைல வாங்குனது. இம்போர்ட்டரும் அப்படித்தான், ரிச்சி தெருவும் அப்படித்தான், அத வித்துத் தீக்காம புது விலைக்கு எவனும் எறங்க மாட்டான். ஆக ஏறும்போது வாட்ஸ்அப்ல அன்னிக்கே ஏறிடும், எறங்கும்போது ஆறு மாசம் இழுக்கும். இதுல நேர்மையான வியாபாரி, கொள்ளக்காரன்னு வித்தியாசம் எல்லாம் இல்ல, கைக்காசப் போட்டவன் அப்படித்தான் செய்வான். ஆனா ஒண்ணு, நீ ரெண்டு மூணு எடத்துல கேட்டுட்டு வா. புதுசா லோடு எறக்குனவன் எவனாவது இருப்பான், அவன்கிட்ட புது விலை கெடைக்கும்.

ஏஐ வந்ததுக்கும் சிசிடிவி விலைக்கும் முடிச்சுப் போடுறீங்களே, நெஜமாவா?

நெஜம்தான். உலகத்துல டிராம் மெமரி செய்யுறதுல பெரிய ஆளுங்க மூணு பேருதான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். 2023ல மெமரி விலை பாதாளத்துக்குப் போயி மூணு பேருக்கும் பலத்த நஷ்டம், உற்பத்தியக் கொறச்சாங்க. அதுக்கப்புறம் ஏஐ சர்வருக்கு எச்பிஎம்னு ஒரு வக மெமரி வேணும்னு வரிசைல நின்னாங்க, லாபமும் கூட. ஆனா அதே அளவு மெமரிக்கு எச்பிஎம், சாதா கம்ப்யூட்டர் மெமரியான டிடிஆர்5ஐவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு வேஃபரத் தின்னும். அப்ப மிச்சம் எங்க கொறையும்? நாம வாங்குற எடத்துல.

பழைய டிடிஆர்4ஐ நிறுத்தப் போறோம்னு கம்பெனிங்க சொன்னதும் எல்லாரும் கடைசி கடைசின்னு வாங்கிக் குவிச்சாங்க, 2025 நடுவுல மார்க்கெட்ல பழைய டிடிஆர்4 விலை புது டிடிஆர்5ஐத் தாண்டிப் போச்சு. பழச நிறுத்துனா பழசு மலிவாகும்னு நெனச்சவங்க வாயடச்சிப் போயிட்டாங்க. அந்த வருஷக் கடைசில எல்லா மெமரியும் ஏறிடுச்சு, மைக்ரான் தன்னோட க்ரூஷியல் சில்லற வியாபாரத்தையே விட்டு வெளிய போறேன்னு டிசம்பர்ல அறிவிச்சுது. அதே டிசம்பர்ல ராஸ்பெரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டு விலையும் மெமரியக் காரணம் காட்டி ஏறுச்சு.

சிசிடிவி டிவிஆர், செட் டாப் பாக்ஸ், ரவுட்டர், ஆண்ட்ராய்டு டிவி போர்டு, எல்லாத்துலயும் ஒரு சின்ன மெமரி சிப் உக்காந்திருக்கு. கல்யாண மண்டபத்துக்கு எட்டு கேமராவுக்கு கொட்டேஷன் குடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு வேலைக்குப் போறவங்க இதுலதான் அடி வாங்குறாங்க.

ரெசிஸ்டர், சின்ன கெபாசிட்டர் எல்லாம் பைசா சரக்கு, அது எதுக்கு ஏறணும்?

2018ல ஏறுச்சே, மறந்துட்டீங்களா. எம்எல்சிசின்னு அந்த அரிசி நொய் மாதிரி இருக்குற செராமிக் கெபாசிட்டர், ஒரு ஸ்மார்ட்ஃபோன்லயே ஆயிரம் வரைக்கும் இருக்கும், கரண்ட் கார்ல பத்தாயிரம்ங்கறாங்க. முராட்டா மாதிரி ஜப்பான் கம்பெனிங்க பெரிய சைஸ் சாதா கெபாசிட்டர்ல லாபம் இல்லன்னு சின்ன சைஸ், கார் கெபாசிட்டர் பக்கம் ஆலையத் திருப்புனாங்க, தைவான் யாகியோ விலைய ஏத்துனான், ரீல் விலை பல மடங்கு ஆச்சு. 2019ல பொத்துன்னு விழுந்துச்சு.

கவனிக்க வேண்டியது, ஒரு போர்டுல அம்பது பார்ட் இருந்து அதுல ஒரு பைசா கெபாசிட்டர் இல்லன்னாலும் போர்டு முடியாது. அதனால பைசா சரக்குக்கு பத்து மடங்கு குடுக்கவும் ஆள் இருக்கும்.

சோல்டரிங் ஈயம் ஏன் இப்படி ஏறுது?

ஈயம்னு சொல்றோமே தவிர அதுல பெரும்பங்கு வெள்ளீயம், 63க்கு 37 கம்பில 63 பங்கு அதான். வெள்ளீயம் இந்தோனேசியா, மியான்மர்லேர்ந்து நெறைய வருது, மியான்மர்ல வா மாநிலத்துல 2023 ஆகஸ்ட்ல சுரங்கத்த நிறுத்துனாங்க. ஈயம் இல்லாத சோல்டர்ல மூணு சதவீதம் வெள்ளி, 2025ல வெள்ளி ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கத் தாண்டுச்சு. ரிலே, சுவிட்ச் கான்டாக்ட்லயும் வெள்ளிதான். நகைக்கடை போர்டப் பாத்தாலே அடுத்த மாசம் ரிலே விலை தெரிஞ்சிடும். ட்ரான்ஸ்ஃபார்மர், சோக், மோட்டார் வைண்டிங் எல்லாம் தாமிரத்தோட சேந்து ஏறும் எறங்கும், அதுல மர்மம் ஒண்ணும் இல்ல.

டாலர், வரி?

2021ல டாலர் 74 ரூபா சுமாருக்கு இருந்துச்சு, 2025 டிசம்பர்ல 90ஐத் தாண்டிடுச்சு. கம்பெனி ஒரு சென்ட் ஏத்தலன்னாலும் நமக்கு அஞ்சுல ஒரு பங்கு ஏறிடுச்சு. வரிய எடுத்துக்கிட்டா ஐசிக்கெல்லாம் அடிப்படை சுங்க வரி கெடையாது, 1997லயே இந்தியா எலக்ட்ரானிக் சாமானுக்கு சுங்க வரிய நீக்குற உலக ஒப்பந்தத்துல சேந்ததுனால, ஆனா 18 சதவீதம் ஐஜிஎஸ்டி உண்டு. பில்லோட வாங்குனா ஜிஎஸ்டி வச்சிருக்குறவங்க அத எடுத்துக்கலாம். "பில் வேணாம்னா கொறச்சித் தரேன்"ங்கறவன்கிட்ட டூப்ளிகேட் வந்தா எதக் காட்டிச் சண்ட போடுவ?

சீனா நிறுத்திட்டான், ஹாலந்து புடுங்கிட்டான்னு நியூஸ் வருதே, அது நம்ம டயோடு விலைய பாதிக்குமா?

பாதிச்சுது. நெக்ஸ்பீரியான்னு ஒரு கம்பெனி, பழைய ஃபிலிப்ஸ் வழில வந்தது, சாதா டயோடு, ட்ரான்சிஸ்டர், லாஜிக் ஐசி செய்யுறது. தலைமை நெதர்லாந்து (ஹாலந்துங்கறது அதத்தான்), முதலாளி சீனா. 2025 செப்டம்பர் கடைசில நெதர்லாந்து அரசாங்கம் கம்பெனி மேல கட்டுப்பாடு எடுத்துச்சு, அடுத்த சில நாள்லயே சீனா அங்கேர்ந்து போற சரக்க நிறுத்திடுச்சு. வேஃபர் ஐரோப்பால செஞ்சாலும் முக்காவாசி பேக்கிங் சீனாலதான் நடக்குது, அதனால ஐரோப்பா, ஜப்பான் கார் கம்பெனிங்களே ஆடிப் போயிட்டாங்க. ஒரு ரூபா டயோடு இல்லாம லட்ச ரூபா கார் நிக்குது. நம்ம பக்கம் அந்தப் பார்ட்டுக்கெல்லாம் வேற கம்பெனி மாத்து தாராளமா இருக்கு, அதனால ரிச்சி தெருல பரபரப்பு இருந்த அளவுக்கு அடி இல்ல. ஏத்துறதுக்கு ஒரு சாக்குன்னு சில பேர் ஏத்துனதும் உண்டு.

டெல்டால எந்த மாசம் எந்த ஸ்பேர்ஸ் ஓடும்?

இத யாரும் எங்கயும் எழுதி வைக்கல, ஆனா கவுண்டர்ல நின்னா தெரியும்.

மேட்டூர் ஜூன் 12 தொறப்பாங்கன்னு பேச்சு வந்தாலே குறுவைக்கு மோட்டாரத் தட்டி எழுப்புவாங்க. வருஷம் பூரா தூங்குன ஸ்டார்ட்டர்ல எலி கடிச்சிருக்கும், ரிலே ஒட்டியிருக்கும், சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் போர்டு செத்திருக்கும். ரிலே, 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், 7812 ரெகுலேட்டர், ஆப்டோகப்ளர், ஃபோன்ல ஓட்டுற ஸ்டார்ட்டருக்கு ஜிஎஸ்எம் மாட்யூல் எல்லாம் மே மாசமே வாங்கி வச்சிடணும். 2024 மாதிரி தொறக்க ஜூலை கடைசி ஆச்சுன்னா போர்வெல்ல நம்பி ஓட்டுவாங்க, மோட்டார் ஓய்வில்லாம ஓடும், போர்டும் கூடப் போகும். தண்ணி லேட்டானா விக்காதுன்னு நெனக்கக் கூடாது, தலகீழா நடக்கும்.

ஆடி, அப்புறம் பங்குனி சித்திரைத் திருவிழாவுக்கு மைக் செட்காரங்க வருவாங்க. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஆம்ப்ளிஃபையர் ட்ரான்சிஸ்டர் ஜோடி, பெரிய ஃபில்டர் கெபாசிட்டர், ஸ்பீக்கர் டயாஃப்ரம். சீரியல் செட் கட்டுறவங்க எல்இடியும் கன்ட்ரோலரும்.

ஐப்பசி கார்த்திகைல இடி. இடி விழுந்த மறுநாள் காலைல ஷட்டரத் தூக்குறதுக்கு முன்னாடியே ஆள் நிக்கும், கையில செட் டாப் பாக்ஸ் அடாப்டர், டிவி பவர் போர்டு. எம்ஓவி (திடீர்னு ஏறுற வோல்டேஜ அடக்குற பார்ட்) வெடிச்சு கருப்பா இருக்கும், ஃப்யூஸ் போயிருக்கும், கூடவே ப்ரிட்ஜ் டயோடும் மாஸ்ஃபெட்டும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சிட்டுப் போனப்ப முதல்ல எமர்ஜென்சி லைட்டும் இன்வெர்ட்டர் ஸ்பேர்ஸும்தான் கேட்டாங்க, கரண்ட் திரும்பி வர ஆரம்பிச்சதும் வோல்டேஜ் ஏறி எறங்கி ரெண்டாவது சுத்து வந்துச்சு பாருங்க, அது இன்னும் பெருசு. புயல் நேரத்துல ரோடும் இருக்காது, பார்சலும் வராது, அதனால ஐப்பசி பொறக்கறதுக்கு முன்ன எம்ஓவி, ஃப்யூஸ், பவர் மாஸ்ஃபெட் கைல இருக்கணும்.

தை பொறந்தா கொள்முதல் நிலையம் தொறக்கும், எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் வரும். எடை ஓடிக்கிட்டே இருக்கு, நிக்கலன்னு சொல்லுவாங்க, பாதிக்கு மேல லோட் செல் (எடைய உணருற பார்ட்) வயர்ல ஈரமும் தூசியும்தான், அதப் படிக்கிற எச்எக்ஸ்711 ஐசிய மாத்த அவசரப்படாதீங்க.

இதுல ஒரு மோதல் இருக்கு. பொங்கல் முடிஞ்சு நாம ஆர்டர் போட உக்காரும்போது சீனால அவங்க புத்தாண்டு வரும், ஜனவரி பிப்ரவரில ஆலைங்க ரெண்டு மூணு வாரம் பூட்டிடுவாங்க, தொழிலாளி ஊருக்குப் போயிடுவான், திரும்பி வந்து சூடு புடிக்க இன்னும் கொஞ்ச நாள். அக்டோபர் முதல் வாரமும் அங்க லீவு. சீன சரக்க நம்பி இருக்குறவங்க மார்கழிலயே ஆர்டர் முடிச்சிடுங்க.

டூப்ளிகேட்ட எப்படிக் கண்டுபுடிக்கிறது?

தட்டுப்பாடு வந்தாலே போலி கூடும், ரெண்டும் சேந்தே வரும். ஒரிஜினல் கெடைக்கல, ஆனா ஒருத்தன்கிட்ட மட்டும் வேணுங்கற அளவு இருக்கு, விலையும் கொறச்சல்னா அங்கயே சந்தேகம் வரணும்.

இன்வெர்ட்டர்காரங்களுக்கு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட்ட (கேட், ட்ரெயின், சோர்ஸ்னு மூணு கால்) சோதிக்க ஒரு வழி சொல்றேன். கேட்டுக்கு 10 வோல்ட் குடுங்க, ட்ரெயின்ல லோடு வச்சு 5 ஆம்பியர் ஓட விடுங்க, மல்டிமீட்டர் முனைய காலோட அடில, உடம்புக்கு ஒட்டுன எடத்துல வச்சு ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல மில்லிவோல்ட் பாருங்க. டேட்டாஷீட்ல ரெசிஸ்டன்ஸ் 8 மில்லி ஓம், அப்ப 40 மில்லிவோல்ட் சுமார் காட்டணும். நூறு, நூத்தம்பதுன்னு காட்டுனா உள்ள சின்ன சிப்ப வச்சு மேல பெரிய பேர எழுதியிருக்கான். அத இன்வெர்ட்டர்ல போட்டா முதல் லோடுலயே பட்டுன்னு போகும், நீங்க ட்ரைவர் ஐசிய சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

2எஸ்சி5200ல ஒரு பீஸ பலி குடுத்து ஒடைங்க. ஒரிஜினல்ல உள்ள சிலிக்கான் துண்டு நல்லா அகலமா இருக்கும், 15 ஆம்பியர் தாங்கணும்ல. போலில உளுந்துல பாதி இருக்கும். எழுத்த அசிட்டோன் தொட்டு தேச்சா போயிடுச்சுன்னா மேல மறுபடி பெயிண்ட் அடிச்சு எழுதுனது. பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கைல தூக்குனா லேசா இருக்கா, சட்டையக் கிழிச்சா உள்ள இன்னொரு சின்ன கெபாசிட்டர் இருக்கும், இது கதை இல்ல, நெஜமா செய்யுறாங்க.

ரிச்சி தெருவா, ஆன்லைனா?

பத்து பீஸுக்கு ரிச்சி தெரு, கைல தொட்டுப் பாக்கலாம், மாத்து கேக்கலாம். ஒரு போர்ட நூத்துக்கணக்குல போடுறதுன்னா மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 மாதிரி அங்கீகாரம் வாங்குன எடத்துல வாங்குறது மேல, விலை கூடத் தெரிஞ்சாலும் போலி பயம் இல்ல. அத விட முக்கியமான உபயோகம், அந்த சைட்ல இலவசமா ஸ்டாக் எண்ணிக்கையும் லீட் டைமும் காட்டுவான். வாங்காட்டியும் வாரம் ஒரு தடவ உங்க போர்டுல இருக்குற முக்கியமான அஞ்சாறு பார்ட்டப் பாருங்க. லட்சக்கணக்குல இருந்த ஸ்டாக் மளமளன்னு எறங்குது, லீட் டைம் நீளுதுன்னா ரிச்சி தெருல விலை ஏறுறதுக்கு முன்னாடி உங்களுக்கு சில வாரம் கைல இருக்கு. கடைமடைல இருக்குற நமக்கு மேல என்ன நடக்குதுன்னு காட்டுற ஒரே ஜன்னல் அதுதான், காசும் கேக்கல.

ஏறப்போகுதுன்னு தெரிஞ்சா மொத்தமா வாங்கிப் போட்டுடலாமா?

எல்லாத்தையும் போடாதீங்க. மாத்து இல்லாத பார்ட்ட மட்டும் வாங்குங்க, அதுவும் ஒரு சீசனுக்கு. ரெசிஸ்டர் எப்பவும் கெடைக்கும், அத ரீல் ரீலா வாங்கி அடுக்குறதுல புண்ணியம் இல்ல, ஒரு ரீல் அஞ்சாயிரம் பீஸ், உங்க ஆயுசுக்கும் போதும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வருஷக்கணக்குல சும்மா கெடந்தா கெட்டுப் போகும், லீக்கேஜ் கூடிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் கடை வச்சிருக்கவங்களுக்கு உப்புக் காத்துல ஐசி கால் கருத்துப் போயி ஈயம் ஒட்டாது, சிலிகா ஜெல் போட்டு கவர ஒட்டி வைங்க. வட்டிக்கு வாங்கி ஸ்டாக் போடுறவங்களுக்கு என் பதில் வேணாம்ங்கறதுதான். 2022ல உச்சத்துல ஏத்திப் போட்டவங்க 2023ல பாதி விலைக்கும் தள்ள முடியாம நின்னத ஊரே பாத்துச்சு.

சார், ப்ராஜெக்ட்டுக்கு எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர்தான் வேணும்னு புரொஃபசர் சொல்றாரு, வேற போடலாமா?

தட்டுப்பாட்டுல அந்த நீல போர்டுல இருக்குற எஸ்டிஎம்32எஃப்103 பல மடங்கு ஏறுனப்ப நெறைய பேர் ஜிடி32ங்கற மாத்து சிப்புக்கு மாறுனாங்க, கால் அமைப்பு ஒண்ணா இருக்கும், ப்ரோக்ராம்ல சில எடத்துல திருத்தணும். சின்ன வேலைக்கு டபிள்யூசிஎச் கம்பெனியோட சிஎச்32வி003 ரொம்ப மலிவு. படிக்கிற பிள்ளைங்க இத இப்பவே பழகிக்கிட்டா நல்லது, போர்டு வரையும்போதே முக்கியமான எடத்துல ரெண்டு கம்பெனி பார்ட் உக்காருற மாதிரி பேட் விடுங்க. ரெகுலேட்டர், மாஸ்ஃபெட், ஆப்டோ இதுக்கெல்லாம் பத்து கம்பெனி மாத்து இருக்கு, மைக்ரோகன்ட்ரோலர், மெமரி, ஜிஎஸ்எம் மாட்யூல் இந்த மூணுலதான் மாட்டிக்குவோம்.

இந்தியாலயே சிப் செய்யப் போறாங்களே, இனிமே மலிவாகுமா?

குஜராத் தொலேராவுல டாட்டா, தைவான் பிஎஸ்எம்சியோட சேந்து ஃபேப், அதாவது சிப் ஆலை கட்டுறாங்க, 91,000 கோடி ரூபா, 2024ல ஒப்புதல். சானந்த்ல மைக்ரான் பேக்கிங் ஆலை, அஸ்ஸாம் ஜாகிரோடுல டாட்டா பேக்கிங் ஆலை. பார்ட் செய்யுறதுக்குன்னு 2025 மார்ச்ல மத்திய அரசு 22,919 கோடிக்கு திட்டம் போட்டுச்சு, நம்ம தமிழ்நாடும் அதே வருஷம் அதோட சேர்ற மாதிரி தனித் திட்டம் அறிவிச்சிருக்கு. நல்லதுதான். ஆனா அதுலேர்ந்து வர்றதும் மொதல்ல ஸ்ரீபெரும்புதூர்ல ஃபோன் செய்யுறவனுக்கும் கார் கம்பெனிக்கும்தான் போகும். சிலிக்கான் எங்க செஞ்சாலும் விலை உலக விலைதான். நமக்குக் கெடைக்கக்கூடிய லாபம் டாலர் அலைச்சலும் கப்பல் நாளும் கொறயுறது, பிசிபி, கனெக்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி சரக்குல அது சீக்கிரம் தெரியும்னு நெனக்கிறேன், ஐசில இப்போதைக்கு எதிர்பாக்க வேணாம்.

கொட்டேஷன் குடுத்துட்டு மாட்டிக்காம இருக்க என்ன பண்றது?

"இந்த விலை ஏழு நாளைக்கு"ன்னு எழுதுங்க, வாய்ல சொல்லாதீங்க. முன்பணம் வாங்குனதும் அந்தக் காசுல முதல்ல மெமரி இருக்குற ஐட்டத்தையும் மைக்ரோகன்ட்ரோலரையும் வாங்கிப் போட்டுடுங்க, பெட்டி, வயர், ஸ்க்ரூ எல்லாம் அப்புறம். சப்ளையர் முப்பது நாள் கடன் குடுத்துக்கிட்டு இருந்தவர் திடீர்னு முழு காசும் முன்னாடியே கேட்டா அவருக்கு மேல ஏதோ இறுகுதுன்னு அர்த்தம், கோவிச்சுக்காம அன்னிக்கே வேணுங்கறத எடுத்துடுங்க.

கழட்டுன பார்ட் வாங்கலாமா அண்ணே, பாதி விலைதானே?

ட்ரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், கனெக்டர், பெரிய சோக் தாராளமா வாங்கு. கழட்டுன மாஸ்ஃபெட், ஐஜிபிடி ரிப்பேருக்கு ஆகும், மேல சொன்ன மாதிரி மில்லிவோல்ட் பாத்துட்டுப் போடு, கஸ்டமர்கிட்ட கழட்டுனதுன்னு சொல்லிடு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரும் ரிலேவும் கழட்டுனது சும்மா குடுத்தாலும் வேணாம். நடவு நேரத்துல மோட்டார் நின்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வந்தா போக வேண்டியது நீதான்.